பணம் அனுப்பும் நோக்கம்

ஒஸ்ட்ராவாவில் கடல் இல்லை.
நான் பிறந்த டுலூத்திலும் இல்லை,
கடல்போல நடிக்கும் ஓர் ஏரிதான் இருந்தது.
கடலைப் படிக்கத்தான் கடன் வாங்கினேன்.

என் ஆய்வு ஒரு நத்தையைப் பற்றியது.
ஓரிகன் கரைப் பாறைகளில் ஒட்டி வாழும்,
கட்டைவிரல் நகத்தளவு.
நீர் ஏறும்போது மேயப் போகும்.
நீர் வடியுமுன் திரும்பிவிடும்,
தன் ஓடு பாறையில் தேய்த்துவைத்த
அதே தழும்புக்கு, மயிரிழை பிசகாமல்.
இதை நிரூபிக்க நானூறு நத்தைகளுக்கு
நகப்பூச்சால் எண் போட்டேன்.
நாற்பத்தோராயிரம் டாலர் ஆனது.

ஆறு வருடம் கட்டினேன்,
மீன்காட்சியகத்தில் சீட்டுக் கிழித்து,
இரவில் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டி.
ஐம்பத்து மூவாயிரம் என்றது கடைசிக் கடிதம்.
வட்டி குட்டி போடும் என்பார்கள்.
அந்தக் குட்டிகளுக்குப் பல் முளைத்ததைப்
பார்த்தவள் நான்.

பிறகு ஒரு மார்ச்சில், ஒருவழி டிக்கெட்.

இங்கே இரும்பாலை எஞ்சினியர்களுக்கு
ஆங்கிலம் சொல்லித்தருகிறேன்.
"படித்ததற்கா பணம் கேட்கிறார்கள்?" என்றார் ராடிம்.
"நீ ஓடிவரவில்லை, தப்பி வந்திருக்கிறாய்."
அந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் உள்ள வித்தியாசத்தை
ஒரு மணிநேரம் நடத்தினேன்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பெட்டினா, என் பழைய அறைத்தோழி,
பதினோரு வருடம் தவணை தவறவில்லை.
வாரம் இருமுறை பிளாஸ்மா விற்றாள்,
கோடையிலும் முழுக்கைச் சட்டை.
கடைசித் தவணையன்று எனக்கு எழுதினாள்:
"முடிந்தது. நீ எப்படி இருக்கிறாய்?"
அந்த இரண்டாவது வாக்கியத்தில் குத்தல் உண்டா என்று
இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அரசாங்கத்தை ஏமாற்றினாய் என்றால்
மூச்சுவிடாமல் வாதாடுவேன்.
பீர் வாங்க வயது போதாத கையில்
பேனாவைத் திணித்தது யார் என்பேன்.
அசலை மட்டும் கேள், நாளைக்கே தருகிறேன் என்பேன்.
நாளைக்கே என்பது பொய்.
வாதம் சரி.

ஆனால் கடன் இரண்டு இருந்தன.
இரண்டாவது வங்கியுடையது.
கூட ஒரு கையெழுத்து வேண்டுமென்றார்கள்.
வெண்டல் போட்டார்.
அம்மாவின் இரண்டாம் கணவர்,
நகராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர்.
படித்துப் பார்க்கவில்லை. "எங்கே?" என்று மட்டும் கேட்டார்.
நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.
அம்மா அவரை விட்டுப் போனாள்.
கையெழுத்து அங்கேயே இருந்தது.

இங்கே வந்தபின் அழைப்புகள் நின்றன.
தூரம் ஜெயித்தது என்று நினைத்தேன்.
அழைப்புகள் நிற்பதில்லை, வீடுதான் மாறும் என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள், ஒன்பதாம் பக்கத்தில்.

போன வாரம் ஒரு புகைப்படம்.
வெண்டலின் மகள் கொரின் அனுப்பியது,
புது நாய்க்குட்டியைக் காட்ட.
நாய்க்குட்டிக்குப் பின்னால் அவருடைய முற்றம்.
படகு நின்ற இடத்தில் படகு இல்லை.
நீளவாக்கில் புல் வெளுத்த ஒரு தழும்பு.

"அழகான குட்டி" என்று பதில் போட்டேன்.

இன்று டிராமில், கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி,
பணம் அனுப்பும் படிவத்தைத் திறந்தேன்.
வங்கிக்கு அல்ல, அவருக்கு.
எட்டாயிரம் கொருனா.
படகு வராது, நங்கூரக் கயிறு வரலாம்.
பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு?
அதற்கே இரண்டு நிறுத்தம் போயிற்று.
நண்பர் என்று போட்டேன்.
அனுப்பும் நோக்கம்?
பரிசு, குடும்பச் செலவு, மருத்துவம், கடன்.
பரிசு என்றால் நான் பெரிய மனுஷி.
கடன் என்றால்
எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.
இத்தனை நாள் மறைத்தவர்,
அதையாவது அவரிடமே விட்டுவைக்கலாமா?
அல்லது இதுவும் நான் தப்பிக்கும் வழியா?

மற்றவை என்று அழுத்தினேன்.
விளக்கம் எழுத முப்பத்தைந்து எழுத்து தருகிறார்கள்.

முன்னால் ஒரு பனி அள்ளும் வண்டி
தண்டவாளத்தைச் சுரண்டிக்கொண்டு ஊர்கிறது.
நாங்கள் எல்லோரும் அதன் பின்னால்.